கலையச் சொன்ன இரண்டு குரல்கள்: கென்ட் ஸ்டேட், மே 4, 1970

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், 1970 மே 4 திங்கட்கிழமை நண்பகலில், ஒரே புல்வெளியில் இருந்த மாணவர்களிடம் இரண்டு முறை கலைந்து போகச் சொன்னார்கள். இரண்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் முறை சொன்னது ஒரு ஒலிபெருக்கி, யாரும் நகரவில்லை. இரண்டாம் முறை சொன்னவர் நிலவியல் பேராசிரியர் ஒருவர். எல்லோரும் எழுந்து போனார்கள். நடுவே 13 விநாடிகள் படையினரின் துப்பாக்கிகள் வெடித்தன. நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள்.

கென்ட் ஸ்டேட் என்றதும் பேச்சு அந்த 13 விநாடிகளில் போய் நின்றுவிடும். இறந்தவர்களுக்கு அந்தக் கவனம் உரியதுதான். ஆனால் கூட்டம் என்பது எப்படி உருவாகிறது, எப்போது முறுக்கிக்கொள்கிறது, எதற்குச் செவிசாய்க்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த விநாடிகள் போதாது. முன்னால் கழிந்த மூன்று நாட்களையும் பின்னால் கழிந்த இருபது நிமிடங்களையும் பார்த்தாக வேண்டும்.

தமிழில் இதற்கு நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன: கூட்டம், கும்பல். கோயிலில் இருப்பது கூட்டம், கடையை உடைப்பது கும்பல் என்று நாமாக ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். செய்தித்தாளில் முதல் பத்தியில் கூட்டமாக இருப்பது மூன்றாம் பத்தியில் கும்பலாகிவிடும். எந்த வரியில் மாறியது, யார் மாற்றியது என்று யாரும் கேட்பதில்லை. கென்ட் ஸ்டேட்டில் அந்த வரி எது என்று தேடிப் பார்ப்பதுதான் இந்த ஆய்வின் வேலை.

வெள்ளிக்கிழமை இரவு: கடையை மூடினால் கூட்டம் எங்கே போகும்?

ஏப்ரல் 30 வியாழன் இரவு, அதிபர் ரிச்சர்ட் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, அமெரிக்கப் படைகள் கம்போடியாவுக்குள் நுழைவதை அறிவித்தார். வியட்நாம் போரை முடித்துவைப்பதாகச் சொல்லிப் பதவிக்கு வந்தவர் போரை இன்னொரு நாட்டுக்கும் விரித்திருந்தார். மறுநாள் நண்பகல் கென்ட் ஸ்டேட்டின் காமன்ஸ் என்ற புல்வெளியில் சுமார் 500 பேர் கூடினார்கள். அரசியல் சாசனத்தின் பிரதி ஒன்றைக் குழிதோண்டிப் புதைத்தார்கள். திங்கட்கிழமை நண்பகல் மறுபடி கூடலாம் என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். அடிதடி எதுவும் இல்லை.

தகராறு அன்று இரவு ஊருக்குள் தொடங்கியது. வாட்டர் ஸ்ட்ரீட் மதுக்கூடங்கள் நிறைந்த தெரு. கோடை நெருங்கும் வெதுவெதுப்பான வெள்ளி இரவு. தெருவில் தீ மூட்டினார்கள், போலீஸ் கார்கள் மீது பாட்டில்கள் பறந்தன, கடைகளின் கண்ணாடிகள் உடைந்தன. மேயர் லெராய் சாட்ரோம் நெருக்கடி நிலையை அறிவித்து, மதுக்கூடங்கள் அனைத்தையும் உடனே மூட உத்தரவிட்டார்.

இந்த உத்தரவை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். உள்ளே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்த, தெருவில் நடப்பது பற்றி அக்கறையே இல்லாத நூற்றுக்கணக்கானவர்களை ஒரே நேரத்தில் தெருவுக்கு அனுப்பிய உத்தரவு அது. காசு கொடுத்து வாங்கிய பானத்தைப் பாதியில் வைத்துவிட்டு, எரிச்சலோடு வெளியே வந்தவர்கள் கண்முன் போலீஸ் வரிசை நின்றது. கூட்டத்தைக் குறைக்க நினைத்த கை கூட்டத்தைப் பெருக்கிவிட்டது. கண்ணீர்ப்புகை வீசி எல்லோரையும் வளாகத்தை நோக்கி விரட்டினார்கள். கல்லெறிந்தவர், பாட்டில் வீசியவர், பாட்டு கேட்க வந்தவர் எல்லோரும் ஒரே புகையில் இருமிக்கொண்டு ஒரே திசையில் ஓடினார்கள்.

சனிக்கிழமை மாலை மேயர், மாநில ஆளுநரின் கீழ் இயங்கும் பகுதிநேர ராணுவமான தேசியக் காவல் படையைக் கேட்டார். அன்று இரவு வளாகத்தில், மாணவர்களை ராணுவ அதிகாரிகளாக்கும் பயிற்சிப் பிரிவு இயங்கிய மரக்கட்டடம் தீக்கிரையானது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சுற்றி நின்றார்கள். தீயணைப்பு வீரர்களின் குழாய்களை வெட்டினார்கள். மாணவர்களைப் புனிதர்களாக எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. தீயணைக்க வந்தவரின் குழாயை வெட்டுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் வெட்டியவர்கள் சிலர், நின்று பார்த்தவர்கள் பலர் என்ற கணக்கும் உடன் எழுதப்பட வேண்டும். இரவு பத்து மணி வாக்கில் படை உள்ளே வந்தபோது கட்டடம் எரிந்துகொண்டிருந்தது. வந்தவர்களும் ஓய்ந்து போயிருந்தார்கள். லாரி ஓட்டுநர்களின் வேலைநிறுத்தத்துக்காக ஏற்கெனவே பல நாட்களாகப் பணியில் இருந்து, சரியான தூக்கம் இல்லாமல், அங்கிருந்து நேரே இங்கே திருப்பிவிடப்பட்டவர்கள் அவர்கள். பலருக்கு மாணவர்களின் வயதுதான்.

ஞாயிற்றுக்கிழமை: சாலையில் உட்கார்ந்தவர்கள்

ஞாயிறு காலை ஆளுநர் ஜேம்ஸ் ரோட்ஸ் நேரில் வந்தார். செனட் தொகுதிக்கான கட்சி வேட்பாளர் தேர்தல் செவ்வாய்க்கிழமை. அவரும் போட்டியில் இருந்தார். மேசையைத் தட்டிப் பேசினார். கலவரக்காரர்கள் ஹிட்லரின் பழுப்புச் சட்டை அடியாட்களைவிட மோசமானவர்கள் என்றார். அடியாத மாடு படியாது என்ற பழமொழி அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, கொள்கை அதேதான். நீதிமன்றத்தில் நெருக்கடி நிலை ஆணை பெறப்போவதாகச் சொன்னார், பெறவில்லை. ஆனால் படையினர், மாணவர்கள், நிர்வாகிகள் என்று பலரும் ராணுவச் சட்டம் வந்துவிட்டது, கூட்டம் கூடுவது தடைசெய்யப்பட்டுவிட்டது என்றே நினைத்துக்கொண்டார்கள். எது சட்டம், எது வதந்தி என்று பிரித்துச் சொல்ல வளாகத்தில் ஆள் இல்லை.

பகலில் நிலைமை விசித்திரமாக அமைதியாக இருந்தது. வெயிலில் மாணவர்களும் படையினரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஊர்மக்கள் எரிந்த கட்டடத்தை வேடிக்கை பார்க்க வந்துபோனார்கள். இரவில்தான் மறுபடி கூட்டம் சேர்ந்தது. காமன்ஸிலிருந்து கண்ணீர்ப்புகையால் விரட்டப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் வளாக வாசலருகே மெயின் ஸ்ட்ரீட்டும் லிங்கன் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் இடத்தில், நடுச்சாலையில் உட்கார்ந்தார்கள். மேயரும் பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஒயிட்டும் வந்து பேச வேண்டும் என்று கேட்டார்கள்.

என் கணிப்பில் அந்த வாரத்தின் உண்மையான திருப்பம் இதுதான். எழுந்து நிற்கும் கூட்டத்துக்குக் கால்கள் பல திசைகளில் இருக்கும். உட்கார்ந்துவிட்ட கூட்டம் வேறு வகை: அது ஓடத் தயாராக இல்லை, எறியத் தயாராக இல்லை, காத்திருக்கத் தயாராக இருக்கிறது. பேச்சுவார்த்தைக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. யாராவது வந்து பேசுவார்கள் என்ற நம்பிக்கையோடு அவர்கள் இருந்தார்கள். யாரும் வரவில்லை. இரவு 11 மணிக்கு ஊரடங்கு உத்தரவு வாசிக்கப்பட்டது. மறுபடி கண்ணீர்ப்புகை, துப்பாக்கி முனைக் கத்திகள். சிலர் குத்துப்பட்டுக் காயமடைந்தார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்ற சொல்லோடு மாணவர்கள் விடுதிக்குத் திரும்பினார்கள். மறுநாள் நண்பகல் வாசிக்கப்பட்ட உத்தரவின் மதிப்பு இந்த இரவிலேயே போய்விட்டது.

திங்கள்: அங்கே இருந்தது யார்?

நண்பகல் கூட்டத்துக்குத் தடை என்று பல்கலைக்கழகம் 12,000 துண்டறிக்கைகளை அச்சிட்டு விநியோகித்தது. வகுப்புகள் மட்டும் வழக்கம்போல் நடந்தன. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தவர்கள் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. காமன்ஸ் வளாகத்தின் நடுமுற்றம். விடுதிக்கும் வகுப்புக்கும் உணவுக்கூடத்துக்கும் போகிறவர்கள் கடக்கும் இடம். வகுப்பு மாறும் வேளையில் அங்கே ஆள் இல்லாமல் இருக்கவே முடியாது.

பின்னாளில் இதை ஆராய்ந்தவர்கள் அங்கே சுமார் 3,000 பேர் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அதில் வெற்றி மணி என்று அழைக்கப்பட்ட பழைய மணியைச் சுற்றி நின்று முழக்கமிட்டவர்கள் ஏறக்குறைய 500 பேர். அவர்களுக்கு ஆதரவாகக் குரல் கொடுத்துக்கொண்டு ஓரமாக நின்றவர்கள் 1,000. மிச்சம் 1,500 பேர் வேடிக்கை பார்த்தவர்கள். அதாவது அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் கூட்டத்தைப் பார்க்க வந்த கூட்டம். இடமும் அதற்கு ஏற்றதாக இருந்தது: புல்வெளிக்கு மேலே சரிவு, சரிவின் உச்சியில் டெய்லர் ஹால். நாடக அரங்கின் படிக்கட்டுகள் போல.

முழக்கங்களும் மாறியிருந்தன. வெள்ளிக்கிழமை கம்போடியா பேசுபொருள். திங்கட்கிழமை வளாகத்தில் நிற்கும் படைதான் பேசுபொருள். போர் எங்கோ தூரத்தில் நடப்பது. துப்பாக்கியோடு வகுப்பு வாசலில் நிற்பவர் கண்ணெதிரே நிற்பவர்.

எதிர்ப்பக்கம், எரிந்த கட்டடத்தின் அருகே சுமார் நூறு படையினர் எம்-1 ரகத் துப்பாக்கிகளோடு நின்றார்கள். பிரிகேடியர் ஜெனரல் ராபர்ட் கேன்டர்பரி கூட்டத்தைக் கலைக்க முடிவுசெய்தார். அதுவரை அந்தக் கூட்டம் சத்தம் போட்டதைத் தவிர வேறு எதுவும் செய்திருக்கவில்லை. வளாகக் காவலர் ஒருவர் ஒலிபெருக்கியில் உத்தரவை வாசித்தார். சத்தத்தில் எடுபடவில்லை. அவரை ஜீப்பில் ஏற்றிப் புல்வெளியின் குறுக்கே அனுப்பினார்கள். கற்கள் வந்தன, வசவுகள் வந்தன, ஜீப் திரும்பிப் போனது.

அந்த முதல் குரல் ஏன் தோற்றது? ஒலிபெருக்கியின் திறன் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கேட்டவர்களில் பெரும்பாலோர் தங்களை அந்த உத்தரவுக்கு உரியவர்களாக நினைக்கவில்லை என்பது. வேடிக்கை பார்ப்பவரிடம் கலைந்து போ என்றால் அவர் பக்கத்தில் இருப்பவரைத்தான் திரும்பிப் பார்ப்பார். மேலும், எங்கே போவது? விடுதி அங்கேயே, வகுப்பு அங்கேயே. தம்முடைய முற்றத்தை விட்டுத் தம்மையே போகச் சொல்கிறார்கள் என்பதுதான் அவர்களுக்குப் புரிந்த பொருள்.

குன்றும் மைதானமும்

துப்பாக்கிகளில் குண்டுகளை நிரப்பிக்கொண்டு, முனைக்கத்திகள் பொருத்தி, கண்ணீர்ப்புகை வீசியபடி படையினர் முன்னேறினார்கள். காற்று புகையைக் கலைத்துவிட்டது. மாணவர்கள் சிலர் குப்பிகளை எடுத்துத் திருப்பி எறிந்தார்கள். கூட்டம் பிளாங்கெட் குன்று என்ற அந்தச் சரிவில் ஏறி மறுபக்கம் இறங்கியது. படையினர் பின்தொடர்ந்து இறங்கி, ஒரு கால்பந்துப் பயிற்சி மைதானத்தில் போய் நின்றார்கள். அங்கே மூன்று பக்கம் கம்பிவேலி.

சுமார் பத்து நிமிடம் அங்கே நின்றார்கள். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். புகைக் குப்பிகள் போகின்றன, வருகின்றன. ஒவ்வொரு வீச்சுக்கும் கைதட்டல். கற்கள் வீசப்படுகின்றன, பல எட்டாமல் விழுகின்றன. படையினர் சிலர் மண்டியிட்டு மாணவர்களை நோக்கிக் குறிபார்க்கிறார்கள், சுடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது என்ன சொல்லியிருக்கும்? சுடமாட்டார்கள் என்று. துப்பாக்கிகளில் உண்மையான குண்டுகள் இல்லை என்று பலர் கடைசிவரை நம்பினார்கள். பிறகு படை வந்த வழியே குன்றின் மேல் ஏறத் தொடங்கியதும், முடிந்துவிட்டது, அவர்கள் பின்வாங்குகிறார்கள் என்று மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிலர் கேலி செய்துகொண்டே பின்னால் போனார்கள். சிலர் அடுத்த வகுப்புக்கு நடந்தார்கள்.

அதே பத்து நிமிடம் வேலிக்குள் நின்றவர்களுக்கு வேறாகத் தெரிந்திருக்கும். கண்ணீர்ப்புகைத் தடுப்பு முகமூடிக்குள் வியர்வை, தூக்கமின்மை, கல்லடி, எல்லாவற்றுக்கும் மேலாக ஏளனம். ஒரு பக்கம் விளையாட்டு முடிந்துவிட்டது என்று கலைய, மறுபக்கம் அவமானத்தோடு மேடேறியது. இரண்டு பக்கமும் ஒரே நிகழ்ச்சியைப் பார்க்கவில்லை.

பகல் 12:24. குன்றின் உச்சியில், டெய்லர் ஹாலை ஒட்டிய இடத்தில், எழுபதுக்கும் மேற்பட்ட படையினரில் 28 பேர் திரும்பிச் சுட்டார்கள். 61 முதல் 67 குண்டுகள். பலர் வானத்தை நோக்கியும் தரையை நோக்கியும் சுட்டார்கள். சிலர் கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். ஜெஃப்ரி மில்லர் சுமார் 265 அடி தொலைவில் இருந்தார். ஆலிசன் கிராஸ் அதற்கும் அப்பால். வில்லியம் ஷ்ரோடரும் சாண்ட்ரா ஷொயரும் 380 அடிக்கும் மேல். ஷொயர் வகுப்புக்கு நடந்துகொண்டிருந்தார். ஷ்ரோடர், எரிந்துபோன கட்டடத்தில் இயங்கிய அதே ராணுவப் பயிற்சிப் பிரிவின் மாணவர். காயமடைந்தவர்களில் மிக அருகில் இருந்தவர்கூட சுமார் 60 அடி தள்ளி நின்றார். படையினர் சூழப்பட்டிருக்கவில்லை என்பது மத்தியப் புலனாய்வின் முடிவு. சுடும்படி உத்தரவு இருந்ததா என்ற சர்ச்சை இன்றும் தீரவில்லை. மாணவர் ஒருவர் விடுதிச் சன்னலில் வைத்திருந்த ஒலிப்பதிவுக் கருவியின் நாடாவை 2010இல் ஆராய்ந்தவர்கள் உத்தரவு கேட்கிறது என்றார்கள். 2012இல் நீதித்துறை அது போதுமான சான்று இல்லை என்று வழக்கை மறுபடி திறக்க மறுத்தது.

இருபது நிமிடங்கள்

சுட்ட படையினர் காமன்ஸுக்குத் திரும்பி மறுபடி அணிவகுத்தார்கள். மாணவர்கள் சரிவில் கூடினார்கள். சில நூறு பேர். நண்பகலில் இருந்த 3,000 பேரோடு ஒப்பிட்டால் சிறிய கூட்டம். ஆனால் அப்போது இருந்ததில் பாதி வேடிக்கை, இப்போது இருந்தவர்களில் வேடிக்கை பார்ப்பவர் ஒருவர்கூட இல்லை. நண்பர்களின் இரத்தத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். சிலர் நேரே துப்பாக்கிகளை நோக்கிப் போகவே தயாராக இருந்தார்கள். கீழே நின்றவர்களோ இன்னொரு முறை முன்னேறத் தயாராக இருந்தார்கள்.

நடுவே நின்றவர்கள் ஆசிரியர்கள். முந்தைய நாட்களிலேயே சில ஆசிரியர்கள் தாமாக முன்வந்து, கையில் பட்டை கட்டிக்கொண்டு, இரு தரப்புக்கும் இடையே தூதுபோகும் வேலையை ஏற்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நிலவியல் பேராசிரியர் கிளென் ஃபிராங்க். தீவிர அரசியல் எதுவும் இல்லாதவர். அவர் முதலில் அதிகாரிகளிடம் போய் நேரம் கேட்டார். பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

அவர் உத்தரவிடவில்லை, கெஞ்சினார். இதுவரை வாழ்க்கையில் யார் பேச்சையும் நீங்கள் கேட்காதவர்களாக இருக்கலாம், இப்போது உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். போகாவிட்டால் அவர்கள் உள்ளே வருவார்கள், அது படுகொலையாகத்தான் முடியும் என்றார். குரல் உடைந்து அழுதார். அந்த ஒலிப்பதிவு இருக்கிறது. வகுப்பறையில் பாறைகளைப் பற்றிப் பேசிய ஒருவரின் குரல் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

மாணவர்கள் மெல்ல எழுந்தார்கள். இருபது நிமிட அளவில் சரிவு காலியானது. புகை இல்லை, ஓட்டம் இல்லை.

முதல் குரலுக்கும் இரண்டாம் குரலுக்கும் இடையே என்ன மாறியது? நடுவே சாவு வந்தது, இப்போது எல்லோருக்கும் குண்டுகள் உண்மை என்று தெரியும். அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் பயம் மட்டுமே கூட்டத்தைக் கலைக்கும் என்றால், துப்பாக்கி வெடித்த உடனே அவர்கள் விடுதிகளுக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை, திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பயத்தைத் தாண்டிய ஒரு நிலையில் இருந்தவர்களை நகர்த்தியது வேறு ஒன்று. பேசியவர் அவர்களுடைய ஆள். அவர் துப்பாக்கிகளுக்கு முன்னால் அவர்களோடு நின்றார். அவர்களைக் குற்றவாளிகளாக நடத்தவில்லை. அவர் ஏற்கெனவே அவர்களுக்காக எதிர்ப்பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தார். முக்கியமாக, அவர்கள் எழுந்து நடப்பதற்குள் படை நகரக்கூடாது என்ற அவகாசத்தையும் வாங்கி வந்திருந்தார். நண்பகல் ஜீப்பில் இதில் ஒன்றுகூட ஏற்றப்படவில்லை.

கும்பல் மனநிலை யாருடையது?

1895இல் பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ போன், கூட்டத்தில் சேர்ந்த மனிதன் தன் புத்தியை இழக்கிறான், உணர்ச்சி தொற்றுநோய் போலப் பரவுகிறது என்றார். காவல்துறைகளுக்குப் பிடித்துப்போன கருத்து. இன்றைக்கும் தலையங்கங்களில் உலவுகிறது. மேலே உள்ள நாட்களை அதோடு பொருத்திப் பார்த்தால் பொருந்துவதில்லை. புத்தி இழந்தவர்கள் மேயரை வரச்சொல்லிச் சாலையில் உட்காரமாட்டார்கள். அழுகிற ஆசிரியரின் பேச்சைக் கேட்டு எழுந்து போகவும் மாட்டார்கள்.

பிரிட்டன் உளவியலாளர் ஸ்டீபன் ரைக்கர், 1980இல் பிரிஸ்டல் நகரின் செயின்ட் பால்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தை ஆராய்ந்து வேறொன்றைச் சொன்னார். கூட்டத்தில் மனிதன் தன் அடையாளத்தை இழப்பதில்லை, ‘நான்’ என்பதிலிருந்து ‘நாங்கள்’ என்பதற்கு மாறுகிறான்; அந்த ‘நாங்கள்’ எதைச் சரியென்று நினைக்கிறதோ அந்த எல்லைக்குள்தான் நடந்துகொள்கிறான். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் சேர்த்த இன்னொரு கூறு இங்கே முக்கியம்: அந்த ‘நாங்கள்’ எவ்வளவு அகலமானது என்பதைப் பெரும்பாலும் எதிரே நிற்கிற அதிகாரம்தான் தீர்மானிக்கிறது. கல்லெறிந்தவரையும் வேடிக்கை பார்க்க வந்தவரையும் ஒரே புகை ஒரே மாதிரி இருமவைக்கும்போது இருவரும் ஒரே கட்சியாகிவிடுகிறார்கள். வெள்ளி இரவு மதுக்கூடங்களில் தொடங்கியது இந்த வேலைதான்.

லெ போனின் தொற்றுநோயை எங்காவது பொருத்தியே தீரவேண்டும் என்றால், நான் குன்றின் உச்சியில் தேடுவேன். ஒரே சீருடை, ஒரே களைப்பு, முகத்தை மறைக்கும் முகமூடி, பக்கத்து ஆள் சுட்டதைக் கேட்டு நானும் சுட்டேன் என்ற வாக்குமூலங்கள். சுட்டவர்களைக் கும்பல் என்று எழுதும் பழக்கம் நமக்கு இல்லை. உத்தரவு இருந்ததா இல்லையா என்ற கேள்வி தீராதவரை இதை அழுத்திச் சொல்ல எனக்கும் உரிமையில்லை.

அன்றே பல்கலைக்கழகம் மூடப்பட்டது. அந்தப் பருவத்தின் எஞ்சிய பாடங்களை மாணவர்கள் பெரும்பாலும் தபாலில் முடித்தார்கள். நாடெங்கும் நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் வேலைநிறுத்தம். பத்து நாள் கழித்து மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள். கறுப்பின மாணவர்களின் கல்லூரி என்பதால் அந்தப் பெயர் இதே அளவுக்கு நினைவில் நிற்கவில்லை. வில்லியம் ஸ்கிரான்டன் தலைமையிலான அதிபர் ஆணையம், கென்ட் ஸ்டேட் துப்பாக்கிச் சூட்டைத் தேவையற்றது, நியாயமற்றது, மன்னிக்க முடியாதது என்றது. ஆனால் மாவட்டப் பெருநடுவர் குழு 1970 அக்டோபரில் 25 பேர்மீது குற்றம் சாட்டியபோது அதில் படையினர் ஒருவரும் இல்லை. எட்டுப் படையினர்மீது 1974இல் வந்த மத்திய வழக்கும் நீதிபதியால் தள்ளுபடியானது.

காயமடைந்தவர்களும் இறந்தவர்களின் குடும்பங்களும் தொடுத்த சிவில் வழக்கு 1979 ஜனவரியில் சமரசத்தில் முடிந்தது. மொத்தம் 6,75,000 டாலர். குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த மாணவர் டீன் கேலருக்கு 3,50,000, இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 15,000. பணத்தோடு ஓர் அறிக்கையும் வந்தது. ஆளுநர், படையினர் உள்ளிட்ட பிரதிவாதிகள் 28 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். அது மன்னிப்பு என்று குடும்பங்கள் எடுத்துக்கொண்டன. கையெழுத்திட்ட தரப்பு அப்படிச் சொல்லவில்லை. வேறொரு வழிமுறை அந்த மோதலைத் தீர்த்திருக்கும் என்று இப்போது திரும்பிப் பார்க்கையில் தோன்றுகிறது, இதைவிட நல்ல வழிகள் கண்டறியப்பட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். கிளென் ஃபிராங்க் அந்தச் சரிவில் அழுதுகொண்டு பேசியபோது படையினர் கீழே புல்வெளியில்தான் நின்றிருந்தார்கள்.